அறுவைக்கு முன் கட்டியை அளக்கும் கணினி: இராமநாதபுரம் கடற்கரையில் கேட்கப்படும் கேள்விகள்

நான் தங்கச்சிமடத்துக்காரன். இராமநாதபுரத்தில் சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும் நுட்பனராகப் பதினாறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பாம்பன், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி என்று கரையோர ஊர்களிலிருந்து வருபவர்கள் முன்பெல்லாம் "வலிக்குமா, எவ்வளவு நேரம் ஆகும்" என்றுதான் கேட்பார்கள். இப்போது "கம்ப்யூட்டரே பார்த்துக் கட்டியைச் சொல்லிவிடுமாமே தம்பி" என்கிறார்கள். ஸ்கேன் அறை வாசலில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை அது. அதனால் எழுதி வைக்கிறேன். நான் மருத்துவர் அல்லன். உங்களுக்கு என்ன சிகிச்சை என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கணினி ஸ்கேனைப் பார்த்துப் புற்றுநோயா இல்லையா என்று சொல்லிவிடுமா?

பெரும்பாலான கட்டிகளில் அந்த முடிவைச் சொல்வது சதைச் சோதனைதான். பயாப்சி என்று சீட்டில் எழுதியிருப்பார்கள். கட்டியிலிருந்து துளி சதையை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். ஈரல் சுருக்கம் உள்ளவருக்கு வரும் ஈரல் புற்றுநோய் போன்ற சிலவற்றில் மட்டும் ஸ்கேனில் தெரியும் அடையாளமே போதும் என்று மருத்துவர்கள் ஏற்கிறார்கள்.

கணினியின் வேலை அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. கட்டி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எவ்வளவு பெரியது, பக்கத்தில் எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று வரைந்து அளந்து தருவது. கத்தி எடுப்பதற்கு முன் அறுவை மருத்துவருக்கு வேண்டியது அந்த வரைபடம்.

அறுவைக்கு முன் ஸ்கேனில் அப்படி என்ன பார்க்கிறார்கள்?

நம் பக்கத்தில் நான் அதிகம் பார்க்கும் வாய்ப் புற்றுநோயையே எடுத்துக்கொள்கிறேன். இரவெல்லாம் கடலில் விழித்திருக்கும் மனிதர்கள் கன்னத்தில் புகையிலையை ஒதுக்கி வைப்பது இங்கே பழகிப்போன ஒன்று. ஒதுக்கிய இடத்திலேயே புண் வருகிறது.

மருத்துவர் முதலில் பார்ப்பது ஆழம். மேலே எவ்வளவு அகலம் என்பதோடு உள்ளே எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதும் நோயின் நிலையைத் தீர்மானிக்கிறது. 2018 முதல் நடைமுறையில் உள்ள நிலைப் பிரிப்பில் 5 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர் இரண்டும் எல்லைக்கோடுகள். ஸ்கேனில் கிடைப்பது ஆழத்தின் மதிப்பீடு. உறுதியான அளவு, அறுத்தெடுத்த சதையைப் பரிசோதித்த பிறகே கிடைக்கும். அடுத்தது தாடை எலும்பு. கட்டி எலும்பை அரித்திருந்தால் எலும்பையும் வெட்டி எடுத்து, காலிலிருந்து எலும்பெடுத்துப் பொருத்த வேண்டியிருக்கலாம். அரிக்கவில்லை என்றால் தாடை தப்பும். ஒரு மனிதர் நாளை சோறு மென்று தின்பாரா என்பது இந்த ஒரு கேள்வியில் தொங்குகிறது.

மூன்றாவது கழுத்து. நோய் நிணநீர் முடிச்சுகளுக்கு இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இங்கே ஸ்கேனுக்கு ஓர் எல்லை உண்டு. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள் 2015-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வாய்ப் புற்றுநோய் ஆரம்ப நிலையில் இருந்து, கழுத்தில் நோய் பரவிய அறிகுறி எதுவும் தெரியாத நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். வாய்க் கட்டியோடு கழுத்து முடிச்சுகளையும் அப்போதே எடுத்தவர்களில் 3 ஆண்டுகளுக்குப் பிறகு 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். கழுத்தில் நோய் தெரிந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம். கையால் தடவினாலும் படமெடுத்தாலும் தெரியாத அளவு சிறிய நோய் அங்கே ஒளிந்திருந்திருக்கிறது. படத்தில் இல்லாததைக் கணினியாலும் காண முடியாது. ஆகவே "ஸ்கேனில் கழுத்து சுத்தமாக இருக்கிறது, பிறகு ஏன் கழுத்தையும் கிழிக்கிறார்கள்" என்று மருத்துவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

மற்ற உறுப்புகளில் கேள்வி மாறும். ஈரலில், கட்டியை வெட்டிய பிறகு மிஞ்சும் பகுதி உடம்பைத் தாங்குமா என்று கணக்கிட வேண்டும்: நல்ல ஈரல் என்றால் சுமார் கால் பங்கு போதும், சுருங்கிப்போன ஈரல் என்றால் 40 சதவீதமாவது வேண்டும். சிறுநீரகத்தில், கட்டியை மட்டும் எடுத்து மிச்சத்தைக் காப்பாற்றலாமா என்று பார்ப்பார்கள். மூளையில், பேச்சுக்கும் கைகால் அசைவுக்கும் உரிய இடங்களிலிருந்து கட்டி எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்ப்பார்கள்.

ஆழ்கற்றல் என்கிறார்களே, அது என்ன?

மீன் இறங்கும் கரையில் ஒரு பையன் மீன் பழகுவதை நினைத்துப் பாருங்கள். யாரும் அவனை உட்காரவைத்துப் பாடம் நடத்துவதில்லை. கூடையைக் கவிழ்த்ததும் விளைமீன், சீலா, பாறை, காரல் என்று பிரிப்பான். தவறாகப் போட்டால் மாமா அதை எடுத்து வேறு கூடையில் போடுவார். ஆயிரம் கூடை கழிந்த பிறகு வாலைப் பார்த்தே சொல்லிவிடுவான். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் அவனுக்கே விளக்கத் தெரியாது.

ஆழ்கற்றல் அதே வகைப் பழக்கம்தான், எண்களில் நடக்கிறது. சி.டி. படம் உங்களுக்குக் கறுப்பு வெள்ளைப் படமாகத் தெரிகிறது. கணினிக்கு அது எண்களின் அடுக்கு. உடம்பைக் குறுக்கே சீவிய ஒவ்வொரு துண்டிலும் வழக்கமாக 512 வரிசை, வரிசைக்கு 512 புள்ளிகள். புள்ளி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்: தண்ணீருக்கு 0, காற்றுக்குக் கழித்தல் 1000, கொழுப்புக்குக் கழித்தல் 100-க்குப் பக்கம், கெட்டி எலும்பு 1000-ஐயும் தாண்டும். சி.டி. கருவியை உருவாக்கி 1979-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் இந்த அளவை அழைக்கிறார்கள். கட்டிக்கும் பக்கத்துத் தசைக்கும் இடையே பல நேரங்களில் சில பத்து எண்களே வித்தியாசம். அதனால்தான் பழகிய கண்ணும் தடுமாறுகிறது.

அனுபவமுள்ள மருத்துவர்கள் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான ஸ்கேன்களில் கட்டியின் ஓரத்தைக் கையால் வரைந்து கொடுப்பார்கள். கணினி தானும் வரையும், தவறிய அளவுக்குத் தன் உள்கணக்குகளைத் திருத்திக்கொள்ளும், மறுபடி வரையும். 2015-இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட யு-நெட் என்ற அமைப்பு இந்த வேலையில் பெரிய திருப்பம். படத்தைப் படிப்படியாகச் சுருக்கி "மொத்தத்தில் என்ன இருக்கிறது" என்று பார்க்கும். பிறகு படிப்படியாக விரித்து "சரியாக எந்தப் புள்ளியில்" என்று குறிக்கும். இறங்கி ஏறும் அந்த வடிவம் ஆங்கில எழுத்து யு போல இருப்பதால் அந்தப் பெயர். இன்று கட்டியை வரையும் கருவிகளில் பல அதன் வழியில் வந்தவை.

இதில் எதை நம்பலாம், எது இன்னும் ஆராய்ச்சி?

உறுப்பின் ஓரத்தை வரைவது, கன அளவைக் கணக்கிடுவது, மூன்று மாதத்துக்கு முந்தைய ஸ்கேனோடு ஒப்பிட்டுக் கட்டி சுருங்கியதா வளர்ந்ததா என்று சொல்வது போன்ற வேலைகள் நன்றாகவே தேறிவிட்டன. கதிர்வீச்சு சிகிச்சைக்குத் திட்டமிடும்போது நல்ல உறுப்புகளின் ஓரத்தைக் கணினி வரைந்து கொடுப்பதும் மருத்துவர் திருத்துவதும் பல மருத்துவமனைகளில் அன்றாட வழக்கம். மருத்துவர் மணிக்கணக்கில் உட்கார்ந்து வரைந்ததைச் சில நிமிடங்களில் வரைந்துவிடுகிறது.

கட்டியின் மரபணு மாற்றத்தை ஸ்கேனிலிருந்தே ஊகிப்பது, நிணநீர் முடிச்சின் உறையைக் கிழித்து நோய் வெளியே வந்திருக்கிறதா என்று கணிப்பது, ஈரல் கட்டி நுண்ணிய இரத்தக் குழாய்களுக்குள் நுழைந்திருக்கிறதா என்று அறுவைக்கு முன்பே சொல்வது போன்றவற்றில் ஆய்வுகள் வேகமாக நடக்கின்றன. பலன் நம்பிக்கை தருகிறது. ஆனால் அந்த ஊகத்தை மட்டும் வைத்து ஒருவர் உடம்பில் கத்தி வைக்கும் நிலை வரவில்லை. விளம்பரத்தில் இரண்டு வகையையும் ஒன்றாகக் கலந்து பேசுவார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு; பயந்துபோன குடும்பம் எதையும் நம்பும்.

வெளிநாட்டுப் படங்களில் பழகிய கருவி நம் ஊர் உடம்புக்குச் சரிப்படுமா?

கேட்க வேண்டிய கேள்வி இது. வடகடலில் மட்டும் தொழில் செய்தவரைத் தென்கடலில் கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும்? பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்தான். ஆனால் நீரின் நிறம் வேறு, அடித்தரை வேறு, ஓட்டம் வேறு. கெட்டிக்காரராக இருந்தாலும் சில நாள் தடுமாறுவார். கணினிக்கும் அதே கதி. வேறு நிறுவனத்தின் இயந்திரம், வேறு துண்டுக் கனம், வேறு நோய் நிலை எல்லாம் அதைத் தடுமாற வைக்கும்.

2018-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதை வெட்டவெளிச்சமாக்கியது. மார்பு எக்ஸ்-ரேயில் நிமோனியாவைக் கண்டுபிடிக்கப் பழக்கிய கருவி, படம் எந்த மருத்துவமனையிலிருந்து வந்தது என்பதைக் கண்டுபிடித்து அதையே துப்பாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. ஒரு மருத்துவமனையில் நோயாளிகள் அதிகம் என்பதால் அந்த வழி பலித்தது. வேறு மருத்துவமனைப் படங்களைக் கொடுத்தபோது திறன் இறங்கியது.

நம் பக்கத்துக்கு இன்னொன்றும் இருக்கிறது: காசநோய். கழுத்தில் காசநோயால் வீங்கிய நிணநீர் முடிச்சும் புற்றுநோய் இறங்கிய முடிச்சும் ஸ்கேனில் ஒன்றுபோலவே தோன்றலாம். காசநோய் அரிதான நாட்டில் பழகிய கருவி அந்த வித்தியாசத்தைப் பார்த்தே இருக்காது. இந்தியப் படங்களிலும் சோதித்த கருவியா என்று மருத்துவமனையைக் கேட்பதில் தப்பே இல்லை. 2016-இல் சர்க்கரை நோயால் வரும் கண் பாதிப்பைக் கண்டறிய கூகுள் குழு உருவாக்கிய கருவிக்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை உள்ளிட்ட இந்திய மருத்துவமனைகளின் படங்களும் பயன்பட்டன. நம் மக்களின் படங்கள் சேராமல் நம் மக்களுக்கான கருவி வராது.

ஸ்கேன் எடுக்கும்போது நோயாளி செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?

உண்டு, நிறைய உண்டு. அந்தக் கண் கருவியைப் பிறகு தாய்லாந்து சுகாதார நிலையங்களில் வைத்துப் பார்த்தபோது, ஐந்தில் ஒரு படத்தைத் தரம் போதவில்லை என்று கருவியே தள்ளிவிட்டது. அறை வெளிச்சம் முதற்கொண்டு பல காரணம். கணினி எவ்வளவு கெட்டியானாலும் எடுக்கும் இடத்தில் படம் கெட்டால் கெட்டதுதான்.

வாய்க் கட்டிக்கு சி.டி. எடுக்கும்போது கன்னத்தை உப்பி வைத்துக்கொள்ளச் சொல்வோம். சும்மா இருக்கும்போது கன்னத்தின் உள்தோலும் ஈறும் ஒட்டிக்கொண்டிருக்கும். புண் எதில் இருக்கிறது என்றே தெரியாது. காற்று நடுவில் புகுந்தால் இரண்டும் பிரிந்து கறுப்புக் கோடு விழும். "சங்கு ஊதுகிற மாதிரி கன்னத்தை உப்புங்கள், ஆனால் காற்றை வெளியே விடாதீர்கள்" என்பேன். பாம்பனிலிருந்து கடல்பாசி எடுக்கும் ஓர் அம்மா வந்திருந்தார். நீருக்குள் மூச்சடக்கிப் பழகியவர். சொன்ன மாத்திரத்தில் கன்னத்தை உப்பி, இமைகூட அசையாமல் படுத்திருந்தார். அந்தப் படத்தில் ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவே நூல் பிடித்தது போலக் கறுப்புக் கோடு. கட்டி கன்னத்தோடு நின்றிருந்தது, எலும்புப் பக்கம் போகவில்லை. இருபது நொடி அவர் காட்டிய பொறுமைதான் அந்தத் தெளிவு.

பல்லில் உலோக அடைப்போ கவசமோ இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். அது படத்தில் நட்சத்திரம்போலக் கதிர் விட்டு அருகிலுள்ள கட்டியை மறைக்கும். அந்த இடத்தில் மனிதக் கண்ணும் கணினியும் சேர்ந்தே ஏமாறும்.

எனக்கு இறால், நண்டு ஒத்துக்கொள்ளாது. சாய ஊசி போடலாமா?

கரையோர ஊர்களில் தவறாமல் வரும் கேள்வி. கட்டி படத்தில் தெளிவாகத் தெரிவதற்காக இரத்தக் குழாயில் ஏற்றும் மருந்துதான் சாய ஊசி. சி.டி. சாயத்தில் அயோடின் இருக்கிறது, கடல் உணவிலும் அயோடின் இருக்கிறது, ஆகவே ஆகாது என்று பரவலாக நம்புகிறார்கள். இறால் ஒவ்வாமைக்குக் காரணம் அதிலுள்ள புரதம். அயோடின் காரணம் இல்லை. இறால் ஒவ்வாமைக்காக மட்டும் சாய ஊசியைத் தவிர்க்க வேண்டியதில்லை. முன்பு எப்போதாவது இதே சாய ஊசி போட்டபோது தடிப்பு, மூச்சுத் திணறல் வந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தாலும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டாலும் சொல்லுங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனையைக் கேட்பது அதற்காகத்தான்.

கணினி பார்ப்பதற்குத் தனியாகக் கதிர்வீச்சு உண்டா?

கிடையாது. ஏற்கெனவே எடுத்த படத்தைத்தான் அது படிக்கிறது.

பிலிம் கையில் இருக்கிறது. அது போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒரே ஒரு பதிலைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள்.

என் சித்தப்பாவுக்கு நாக்கின் ஓரத்தில் புண். ஒரு தனியார் மையத்தில் கழுத்துக்கு சி.டி. எடுத்து, பெரிய உறையில் மூன்று பிலிம் கொடுத்தார்கள். நான் அப்போது வெளியூரில் இருந்தேன். வீட்டில் பத்திரமாகச் சுவரில் ஆணி அடித்து மாட்டி வைத்தார்கள். கடலிலிருந்து நூறடி தள்ளி வீடு. இரண்டு மாதம் கழித்து மதுரைக்கு எடுத்துப் போனபோது உப்புக் காற்றில் பிலிம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்த இடத்தில் படம் உரிந்து வந்துவிட்டது. மூல கோப்பைக் கேட்டால், பழையதை அழித்துவிட்டோம் என்று அந்த மையத்தில் கை விரித்தார்கள். மறுபடி சாய ஊசி, மறுபடி கதிர்வீச்சு, மறுபடி பணம். இரண்டு வாரம் போயிற்று.

பிலிம் நல்ல நிலையில் இருந்தாலும் அதில் இருப்பது ஒரு தேர்வு மட்டும்தான். கழுத்து ஸ்கேனில் 1 மில்லிமீட்டர் கனத்தில் சீவினால் இருநூறு, முந்நூறு படங்கள் வரும். பிலிமில் ஒரு தாளுக்கு இருபது முப்பது படங்கள் அச்சாகும். முதலில் சொன்னேனே, புள்ளிக்கு ஓர் எண் என்று. அச்சில் அந்த எண்கள் போய்ச் சாம்பல் நிறம் மட்டும் மிஞ்சும். அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து மொபைலில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதிலும் பாதி போய்விடும். அதை வைத்துக் கட்டியை அளக்க ஆழ்கற்றல் கருவிக்கு வழியில்லை.

ஆகவே மையத்தை விட்டு வெளியே வரும் முன் "டைகாம் கோப்பு, மெல்லிய துண்டுகள் உட்பட, சி.டி. தட்டிலோ பென்டிரைவிலோ வேண்டும்" என்று கேளுங்கள். இப்படியே, இந்தச் சொற்களிலேயே கேளுங்கள். டைகாம் என்பது அந்த எண்களோடு ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் மூல கோப்பு. வீட்டுக்குப் போனதும் பிள்ளைகள் யாரிடமாவது கொடுத்து இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள். தட்டைப் பருத்தித் துணியில் சுற்றி, மூடி இறுக்கமான டப்பாவில் போட்டால் உப்பு அண்டாது.

இதற்காகச் சென்னைக்குப் போக வேண்டுமா?

ஸ்கேனை இராமநாதபுரத்திலேயே எடுக்கலாம். 2022-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி இங்கேயே இருக்கிறது. கடினமான புற்றுநோய் அறுவைகளுக்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கோ, சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ அனுப்புவது வழக்கம். கோப்பு சரியாக இருந்தால் நோயாளி பஸ் ஏறும் முன்பே படம் அங்கே போய்ச் சேரலாம். எந்தக் கருவியில் பார்க்க வேண்டுமோ அதில் பார்ப்பார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

என் ஸ்கேனைக் கணினிக்குக் கொடுத்தால் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுமா?

ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தும் முன் பெயர், எண், பிறந்த தேதி போன்றவற்றை நீக்க வேண்டும். உங்கள் சம்மதத்தையும் கேட்பார்கள். புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள், தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் தகவலைக் காக்க 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. பெயர் அச்சான பிலிமை உறவினர் குழுவில் நீங்களே பகிர்ந்துவிட்டால் அதற்கு யாரும் பொறுப்பேற்க முடியாது.

கணினி ஒன்று சொல்லி, மருத்துவர் வேறு சொன்னால்?

மருத்துவர் சொல்வதே முடிவு. விசைப்படகில் எக்கோ கருவி அடியில் பாறை காட்டுகிறது. வலையை இறக்குவதா வேண்டாமா என்பது டிரைவர் கையில். கருவி காட்டியதை அவர் ஒதுக்கித் தள்ளவும் மாட்டார். நல்ல மருத்துவரும் அப்படித்தான்: கணினி ஓரிடத்தைக் குறித்திருந்தால் அந்த இடத்தை இன்னொரு முறை பார்ப்பார், தேவை என்றால் அங்கே ஊசி போட்டுச் சதை எடுப்பார். கதிரியக்க மருத்துவர், அறுவை மருத்துவர், புற்றுநோய் மருத்துவர் சேர்ந்து உட்கார்ந்து பேசுகிற மருத்துவமனை என்றால் இன்னும் நல்லது.

தடைக்காலத்தில் பார்த்துக்கொள்ளலாமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த நாட்களில் எங்கள் வாசலில் கூட்டம் கூடும். "டிசம்பரிலிருந்து புண் இருக்கிறது, தொழில் கெடுமே என்று வரவில்லை" என்பார்கள். அவர்கள் நிலைமை எனக்குத் தெரியும், என் அப்பாவும் கடலுக்குப் போனவர். ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் அடுப்பு. இருந்தாலும் சொல்கிறேன்: வாயில் மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயைத் திறக்க முடியாத இறுக்கம், கழுத்தில் கெட்டியான கட்டி, இவற்றில் எது இருந்தாலும் தடைக்காலத்துக்குக் காத்திருக்காதீர்கள். 4 மில்லிமீட்டர் ஆழத்தில் வந்திருக்க வேண்டியவர் 12 மில்லிமீட்டரில் வருவதை ஒவ்வொரு மே மாதமும் திரையில் பார்க்கிறேன். அந்த எட்டு மில்லிமீட்டரைக் கணினி அளந்து காட்டுகிறது.

ஸ்கேன் முடிவு வந்ததும் மருத்துவரிடம் என்ன கேட்பது?

கட்டி எவ்வளவு ஆழம், எலும்பைத் தொட்டிருக்கிறதா, கழுத்து முடிச்சுகள் எப்படி, முழுவதும் எடுத்துவிட முடியுமா, எடுத்த பிறகு பேசவும் சாப்பிடவும் எப்படி இருக்கும் என்று கேளுங்கள். கணினி அளவு எடுத்திருந்தால் அதைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். வண்ணக் கோட்டால் வரைந்திருப்பார்கள், பார்த்தால் உங்களுக்கே விளங்கும். வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போய்ப் பதிலைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளையும் டப்பாவிலேயே போட்டு வையுங்கள்.